கஞ்சாவை விட்டு 24 நாள் ஆகியும் தம்பியின் காதில் குரல் கேட்கிறதே, ஏன்?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து 27 வயதுச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. அப்பா இல்லை. அம்மாவும் இவரும் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் 20 வயதுத் தம்பியைக் கோவையில் இன்ஜினியரிங் படிக்க வைக்கிறார்கள். இப்போது மூன்றாம் ஆண்டு. பதினொன்றாம் வகுப்பிலேயே எப்போதாவது கஞ்சா இழுக்கத் தொடங்கிய தம்பி, கடந்த ஒன்றரை ஆண்டாகத் தினமும் இழுத்து வந்தது வீட்டுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமாக இரவில் தூக்கம் இல்லை. ஹாஸ்டலில் அறைத் தோழர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சண்டை போட்டிருக்கிறார். போன் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார். 24 நாளுக்கு முன் துணிப்பையைக் கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தவர், பிறகு வாசலைத் தாண்டவில்லை.

எதிர்வீட்டு சிசிடிவி தன்னைத்தான் படம் பிடிக்கிறது என்கிறார். அம்மா சோற்றில் எதையோ கலக்கிறார் என்று சந்தேகப்பட்டுக் கடை பிஸ்கட்டோடு நாளை ஓட்டுகிறார். “ரெண்டு பேர் என்னைப் பத்தியே பேசிட்டு இருக்காங்க” என்று காதைப் பொத்திக்கொள்கிறார். 18-ம் நாள், மருந்துக்கடையில் கிட் வாங்கி அவருடைய சிறுநீரைச் சோதித்திருக்கிறார்கள். கஞ்சா இருப்பதாகக் காட்டியது. “இன்னும் பொய் சொல்றியா” என்று தாய்மாமா கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவிடமும் பேச்சு இல்லை.

அம்மா இதைச் செய்வினை என்கிறார். மாமாவோ ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் பேசி வைத்திருக்கிறார். ராத்திரியில் வண்டி வந்து தூக்கிப்போகும், 90 நாள் வைத்திருப்பார்கள். இந்தச் சகோதரி கேட்பது இவைதான்: இது போதையா, மனநோயா? கஞ்சாவால்தான் வந்ததா? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா? மாத்திரை தொடங்கினால் ஆயுளுக்கும் நிறுத்த முடியாதா? அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா? கடிதத்தின் கடைசி வரியில் ஒரு தகவலும் இருக்கிறது. அப்பாவின் தம்பி ஒருவர் இளவயதிலேயே “ஒரு மாதிரி ஆகி” வீட்டைவிட்டுப் போனவர்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய அந்தச் சித்தப்பாவைப் பற்றி மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்வதில் குடும்பத்துக்கு எந்த அவமானமும் இல்லை. உங்கள் தம்பிக்கு என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும்.

நீங்கள் விவரித்திருப்பதை மனநல மருத்துவத்தில் சைக்கோசிஸ் என்போம். நிஜம் எது, இல்லாதது எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை அது. இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது, அந்த நம்பிக்கையின்படி சாப்பாடு, தூக்கம், நடமாட்டம் எல்லாம் மாறிப்போவது ஆகிய மூன்றும் அவரிடம் இருக்கின்றன. கடிதத்தை மட்டும் படித்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் அவரை இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். “முதலில் கஞ்சா முழுசாகப் போகட்டும், பிறகு பார்க்கலாம்” என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். இந்த நிலை சிகிச்சை இல்லாமல் எத்தனை நாள் நீடிக்கிறதோ, அந்த அளவுக்குப் பின்னால் தேறுவது கடினமாகிறது. ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது.

இது போதையா, நோயா?

கஞ்சாப் புகையின் போதை சில நிமிடங்களில் ஏறி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் பயம், சந்தேகம், யாரோ பார்ப்பது போன்ற உணர்வு பலருக்கு வருவதுண்டு. போதை இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். தினமும் இழுத்தவர் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, பயங்கரக் கனவுகள் தொடங்கும். முதல் வாரத்தில் அது உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஆனால் இருவர் தன்னைப் பற்றிப் பேசிக்கொள்ளும் குரல் கேட்பதும், அம்மா விஷம் கலக்கிறார் என்று நம்புவதும் நிறுத்தியதால் வரும் உபாதைகள் அல்ல. கஞ்சாவே தூண்டிவிடும் சைக்கோசிஸ் என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் நிறுத்திய சில நாள் அல்லது சில வாரங்களில் தணியும். ஏறக்குறைய ஒரு மாதம் தாண்டியும் தணியாவிட்டால், கஞ்சாவுக்கு அப்பாலும் ஒரு நோய் தொடங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். உங்கள் தம்பி 24-ம் நாளில், அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறார். இரண்டில் எதுவானாலும் இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். எது என்பதைச் சிகிச்சையின் போக்கில், மாதக்கணக்கில் கவனித்துத்தான் சொல்ல முடியும். முதல் நாளே அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

“கஞ்சாவால்தான் வந்ததா” என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது. 1969–70-ல் சுவீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் கஞ்சா பழக்கத்தைக் கேட்டுப் பதிவுசெய்து, 15 ஆண்டுகள் அவர்களுடைய மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தார்கள். 50 தடவைக்கு மேல் இழுத்திருந்தவர்களுக்கு, இழுக்காதவர்களைவிட ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் 6 மடங்கு அதிகமாக வந்திருந்தது. 1987-ல் வெளியான முடிவு அது. மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது மடங்கு குறைந்தது, ஆனால் மறையவில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-ல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு 26 வயதில் இத்தகைய நோய் இருந்தது. மற்றவர்களில் அது நூற்றுக்கு மூன்று பேர்தான். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், தினமும் இழுப்பவர்களுக்கு ஆபத்து 3 மடங்கு. வீரியம் கூடிய சரக்கைத் தினமும் இழுப்பவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு.

இந்தக் கணக்கைத் திருப்பியும் படிக்க வேண்டும். டனீடினில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வரவில்லை. “என் கூட இழுத்த பசங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க” என்று உங்கள் தம்பி சொல்லியிருந்தால், அது பொய்யே அல்ல. ஆனால் அவருக்கும் அந்த நண்பர்களுக்கும் உடல்வாகு ஒன்றல்ல. பொதுவாக நூற்றுக்கு ஒருவருக்கு வரும் ஸ்கிசோஃப்ரினியா, நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு இருந்திருந்தால் சில மடங்கு கூடுதலாக வருகிறது. சித்தப்பாவுக்கு இருந்தது அதுதான் என்று இப்போது நிரூபிக்க முடியாது. இருந்தாலும் குடும்பத்தில் அப்படி ஒருவர், பதினாறு வயதில் தொடக்கம், தினசரிப் பழக்கம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஆபத்தும் சேர்ந்துகொண்டே போகும். கஞ்சா இல்லாமலே அவருக்கு இது வந்திருக்குமா, ஐந்தாண்டு தள்ளி வந்திருக்குமா, வராமலே போயிருக்குமா என்பதை ஒரு தனி மனிதர் விஷயத்தில் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாதம் 2000 ரூபாய் ஜிபே பண்ணியது நான்தானே என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்க வருத்தமாக இருந்தது. தம்பியின் செலவுக்குப் பணம் அனுப்பிய அக்கா நீங்கள். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

மூளையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவருடைய பயம் உங்களுக்குப் புரியும். நம் மூளையே கஞ்சாவை ஒத்த ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992-ல் அதைக் கண்டுபிடித்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை வைத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். தேவையான இடத்தில் துளி சுரந்து, நரம்புகளின் பேச்சைக் கொஞ்சம் தணித்துவிட்டு, உடனே கரைந்துவிடும் பிரேக் அது. கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி என்ற பொருள் அதே பிரேக்கை மூளை முழுக்க மணிக்கணக்காக மிதித்துப் பிடிக்கிறது. இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் தினமும் இப்படி நடந்தால், டோபமைன் என்ற ரசாயனத்தின் ஒழுங்கு குலையலாம். ‘இது முக்கியம், கவனி’ என்று நமக்குச் சுட்டிக்காட்டுவது டோபமைனின் வேலை. அது கண்டபடி சுட்டத் தொடங்கினால் எதிர்வீட்டு கேமரா, பக்கத்து அறைச் சிரிப்பு, சோற்றின் வாசனை எல்லாம் தன்னைக் குறித்தவையாகத் தோன்றும். உங்கள் தம்பி இதைக் கற்பனை செய்யவில்லை. அவருக்கு அது கண்ணால் காண்பது போல உண்மையாக இருக்கிறது. அதனால்தான் “அப்படி எல்லாம் ஒண்ணும் இல்லடா” என்ற வார்த்தை அவரிடம் எடுபடுவதில்லை.

அந்தச் சோதனைக் கிட் விஷயம்

இதில் அவருக்கு அநியாயம் நடந்திருக்கக்கூடும். டிஹெச்சி கொழுப்பில் கரைவது. தினமும் இழுத்தவரின் உடற்கொழுப்பில் அது தேங்கி, நிறுத்திய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரில் வெளியேறும். எப்போதாவது ஒரு தடவை இழுத்தவருக்கு மூன்று நாளில் சோதனை சுத்தமாகிவிடலாம். ஒன்றரை ஆண்டு தினமும் இழுத்தவருக்கு 30 நாள் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும், பாசிட்டிவ் காட்டும். கடைக் கிட் பெரும்பாலும் ஒரு மில்லி சிறுநீரில் 50 நானோகிராம் என்ற ஒரே கோட்டைத்தான் பார்க்கும். கோட்டுக்கு மேலா, கீழா என்று சொல்லுமே தவிர, நேற்று இழுத்ததா, போன மாதம் இழுத்ததா என்று அதற்குத் தெரியாது. 18-ம் நாள் பாசிட்டிவ் வந்ததை வைத்து அவர் பொய் சொன்னார் என்று முடிவுகட்ட வழியே இல்லை.

வீட்டில் இனி அந்தக் கிட் வேண்டாம். தேவைப்பட்டால் மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள். உலகமே தனக்கு எதிராக இருப்பதாக நினைக்கும் ஒருவருக்கு, நம்பிய ஒரே ஆளும் அப்படியே ஆகிவிட்டார் என்ற எண்ணம் அன்று வந்திருக்கும். இன்று இரவே அவரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். “கண்ணு, அந்த டெஸ்ட் ஒரு மாசம் வரைக்கும் அப்படித்தான் காட்டுமாம். எனக்குத் தெரியாமப் போச்சு. நீ பொய் சொல்றதா நினைச்சது என் தப்பு.” விளக்கம், உபதேசம் எதுவும் இதோடு சேர்க்காதீர்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. மாமாவை அவர் எதிரில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

சோற்றில் மாத்திரை கலக்காதீர்கள்

இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்பதுதான் அவருடைய சந்தேகமே. ஒரு நாள் பிடிபட்டால் அந்தச் சந்தேகம் உண்மையாகிவிடும். பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். மேலும் என்ன மாத்திரை, எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கே இருக்காது. பக்கவிளைவாகக் கழுத்து வெட்டி இழுத்துக்கொண்டால் ஏன் என்று அவருக்கும் புரியாது. குடியை நிறுத்த ரகசியமாகக் கொடுக்கும் மருந்து என்று விற்கப்படும் பொடிகளும் அப்படியே, தொடவே வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கும்வரை அவர் பட்டினியும் கிடக்கக் கூடாது. தோலோடும் ஓட்டோடும் இருப்பவற்றைக் கொடுங்கள்: வாழைப்பழம், அவித்த முட்டை, எதிரிலேயே சீவிய இளநீர், உரிக்காத ஆரஞ்சு. பால் பாக்கெட்டை அவரே பிரித்துக் காய்ச்சட்டும். ஒரே பாத்திரத்திலிருந்து முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு, மீதியை அவரே போட்டுக்கொள்ள விடுங்கள். “எங்களை நம்ப மாட்டியா” என்று அம்மா அழுவதைக் கொஞ்ச நாள் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் எப்படி அழைத்துப்போவது

கேமரா இருக்கிறதா, இல்லையா என்று வாதாடாதீர்கள். அவர் சொல்வதை ஒப்புக்கொண்டு கேமராவை மறைத்துத் தரவும் வேண்டாம். அவருடைய பயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுங்கள். “கேமரா பத்தி எனக்குத் தெரியல. ஆனா நீ ரொம்பப் பயந்துபோயிருக்கறது தெரியுது. தூங்கி எத்தனை நாளாச்சு? தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கலாம், நான் கூடவே இருக்கறேன்.” தூக்கமில்லாத கஷ்டம் அவருக்கே தெரிந்த கஷ்டம், அதில் பொய் எதுவும் இல்லை. அது மனநல மருத்துவர்தானா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், குரலை உயர்த்தாதீர்கள், வாசலை மறித்து உட்காராதீர்கள்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போகும் முன் ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள்: தூக்கம் எப்போது கெட்டது, முதல் சந்தேகம் எது, கஞ்சா எப்போது தொடங்கித் தினமும் ஆனது, கடைசியாக எப்போது, புகையிலை கலந்தா, கூடவே மது அல்லது வலி மாத்திரைகளைப் போதைக்கு எடுத்ததுண்டா, தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு வந்ததுண்டா, சித்தப்பாவின் கதை. மருத்துவர் உடலையும் பரிசோதித்து, ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்க்கச் சொல்வார். மாத்திரைகளில் சில எடையையும் சர்க்கரையையும் கூட்டும் என்பதால், தொடங்கும் முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு அளவு குறித்து வைப்பது நல்லது. காய்ச்சல், வலிப்பு, நாள் கிழமை தெரியாத குழப்பம் ஏதாவது இருந்தால் மூளை ஸ்கேனும் தேவைப்படும்.

மாத்திரை பற்றி

பெரும்பாலும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற ஒன்றைக் குறைந்த அளவில் இரவில் தொடங்குவார்கள். இவை போதை தருபவை அல்ல, இன்னும் இன்னும் வேண்டும் என்று ஏங்கவும் வைக்காது. தூக்கத்துக்கு முதல் சில நாள் மட்டும் சேர்த்துத் தரும் லோராசெபம் போன்ற மாத்திரை பழக்கமாகக்கூடியது. அதை மட்டும் மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். முதல் வாரத்தில் தூக்கமும் படபடப்பும் சீராகும். குரலும் சந்தேகமும் குறைய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளில் “இன்னும் குணம் தெரியலையே” என்று மாத்திரையை மாற்றிக்கொண்டே போகும் குடும்பங்கள் உண்டு, அது வேண்டாம்.

கழுத்து ஒரு பக்கம் இழுப்பது, கண் மேலே சொருகுவது, உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது, கை நடுங்குவது ஆகியவை பக்கவிளைவுகள். மாற்று மருந்தால் விரைவில் சரியாகும். அதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஆனால் மாத்திரை தொடங்கிய பிறகு கடும் காய்ச்சலோடு உடல் கட்டைபோல் விறைத்தால் அது அவசரம். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பலர் சொல்லாத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். புகைக்கும் புகை, சிகரெட்டானாலும் கஞ்சாவானாலும், ஒலான்சபினைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். புகைப்பவருக்கு அதனால் மருந்து குறைவாகவே வேலை செய்யும். புகையை நிறுத்தினால் அதே அளவு மாத்திரை திடீரென்று கூடுதலாக வேலை செய்து, நாள் முழுக்கத் தூங்க வைக்கும். ஆகவே அவர் சிகரெட்டைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆயுள் முழுக்கவா என்றால், இப்போதே அப்படி முடிவு கட்ட வேண்டியதில்லை. முதல் தடவை வந்தவர்களுக்குக் குணமான பிறகும் ஓர் ஆண்டு, பெரும்பாலும் இரண்டு ஆண்டு தொடரச் சொல்வோம். கஞ்சா தூண்டியது மட்டுமே என்று தெளிவானால், மருத்துவர் அதற்கு முன்பே படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் கஞ்சா தூண்டிய சைக்கோசிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிற்காலத்தில் ஸ்கிசோஃப்ரினியாவாக நிலைக்கிறது. அதனால் “தெளிஞ்சுட்டான், இனி எதுக்கு டாக்டர்” என்று விட்டுவிடாமல் ஓரிரு ஆண்டு தொடர்ந்து காட்டிக்கொண்டே இருங்கள். தேறிய பிறகு மறுபடி இழுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. அவருக்கு இனி ‘எப்போதாவது ஒன்று’ என்பது கிடையாது. கஞ்சாவை விடுவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசனை, இழுக்கத் தூண்டும் ஆட்களையும் நேரங்களையும் கண்டுபிடித்து விலகுவது, இரவு நேரத்துக்கு வேறு பழக்கம் ஏற்படுத்துவது ஆகியவைதான் வழி. கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால், இன்னொரு வீட்டுப் பெண்ணையும் நினைத்து மறுத்துவிடுங்கள்.

அமெரிக்காவில் சட்டப்படி விற்கிறார்கள், சித்தர்களே சொன்ன மூலிகை என்று தம்பி வாதாடியதாக எழுதியிருக்கிறீர்கள். கனடாவில் 2018-ல் சட்டமாக்கியபோதும் வயது வரம்பு வைத்தார்கள். கியூபெக் மாகாணத்தில் பிறகு அதை 21-ஆக உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 1995-ல் பிடிபட்ட கஞ்சாவில் டிஹெச்சி சுமார் 4 சதவீதம், 2014-ல் சுமார் 12 சதவீதம். சித்த மருந்துகளில் சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு அளந்து சேர்ப்பார்கள். பொட்டலத்தில் வாங்கி, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாமல் தினமும் இழுப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதையெல்லாம் இப்போது அவரிடம் பேசவேண்டாம். தேறிய பிறகு ஆலோசகர் பேசட்டும்.

மாமா சொல்லும் மையமும் அம்மா சொல்லும் கோவிலும்

மாமாவின் அக்கறையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குடிநோயாளிகளை 90 நாள் அடைத்துவைக்கும் இடத்தில் இந்த நோய் குணமாகாது. குரல் கேட்பவரை நள்ளிரவில் நான்கு பேர் தூக்கிப்போனால், அவருடைய பயத்துக்கு நீங்களே சாட்சி சொன்னது போலாகும்.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், போதைப் பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே சேர்த்திருக்கிறது. வயது வந்த ஒருவரை அவர் விருப்பமின்றி அனுமதிக்க 89-ம் பிரிவில் வழி உண்டு. அவருடைய பிரதிநிதியாக நீங்களோ அம்மாவோ எழுதித் தரவேண்டும். இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருந்தாக வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்று இருவரும் உறுதிசெய்ய வேண்டும். அப்படியும் முதலில் 30 நாளுக்குத்தான் அனுமதி. மாமா சொல்லும் இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா? மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார்? நாங்கள் வந்து அவரைத் தனியாகப் பார்த்துப் பேசலாமா? எதற்காவது மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

அம்மா கோவிலுக்குப் போகட்டும், விளக்குப் போடட்டும், அவருக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். கட்டிவைக்கும் இடம், அடித்து ஓட்டும் இடம், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடம் மட்டும் கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்த கொட்டகையில் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டம் அடியோடு தடைசெய்திருக்கிறது.

போலீஸ், கல்லூரி

சிகிச்சைக்கு வந்தவர் கஞ்சா இழுத்ததாகச் சொன்னார் என்பதற்காக மருத்துவர் போலீஸுக்குச் சொல்வதில்லை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி கடமை. 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா உட்கொள்வது குற்றம்தான். 27-ம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடிக்கும் போதை அடிமைக்கு, உட்கொண்டதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை நீக்க முடியும். வீட்டில் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட என்று பையில் எடுத்து வரவும் வேண்டாம். நண்பர்களுக்கு வாங்கிக் கொடுத்த விவகாரம் ஏதாவது இருந்தால் வழக்கறிஞரைத் தனியே பாருங்கள். கல்லூரிக்கு நோயின் பெயர் இல்லாமல், சிகிச்சையில் இருக்கிறார் என்ற சான்று போதும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வருகைப்பதிவு மிகவும் குறைந்திருந்தால் இந்தப் பருவத்தை விட்டு அடுத்ததில் சேர்வதே நல்லது. தேறிய புதிதில் கவனமும் ஞாபகமும் மந்தமாக இருக்கும். அரியர் பயத்தில் அவரைத் துரத்தாதீர்கள்.

அவர் வரவே மறுத்தால்

நீங்கள் மட்டும் அந்தத் தாளோடு மனநலப் பிரிவுக்குப் போங்கள். நோயாளி இல்லாமல் குடும்பத்தார் வந்து பேசுவது எங்களுக்குப் புதிதல்ல. அதற்கும் முன், இன்றே, 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் எனும் அரசு மனநல உதவி மையத்தை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கீழே சொல்வதில் ஒன்று நடந்தாலும் இந்த வாரம், அடுத்த வாரம் என்ற கணக்கே வேண்டாம். குரல் “செத்துப்போ” என்றோ “அவங்களை அடி” என்றோ கட்டளையிடுவதாகச் சொல்வது, கத்தி போன்றவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவது, இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லாதது, விடைபெறுவது போலப் பேசுவது. 108-ஐ அழையுங்கள். அவசர நிலையில் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரவும், மனநல மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கவும் எந்தப் பதிவுபெற்ற மருத்துவருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ம் பிரிவு அனுமதி தருகிறது. பூச்சிமருந்து, சாணிப்பவுடர், அம்மாவின் மாத்திரைகள் எல்லாம் இன்றே வீட்டைவிட்டுப் போகட்டும். இந்த நோயின் தொடக்கத்திலும், மருந்தில் தெளிந்து தனக்கு என்ன ஆனது என்று அவருக்கே உறைக்கத் தொடங்கும் நாட்களிலும் தற்கொலை ஆபத்து கூடுதல். “எல்லாம் போச்சே, காலேஜும் போச்சே” என்று அவர் ஒரு நாள் அழக்கூடும். அன்று அவரைத் தனியாக விடாதீர்கள், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.